வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏற்றிய திருத்தமும் 2317 பிழைகளும்: தானியங்கிச் சோதனையை எங்கே தொடங்குவது?

இரணைமடு_வாய்க்கால்

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வலைச் செயலியைப் பார்த்து வருகிறோம். நெல் வாங்குகிற ஒரு சங்கத்துக்கானது. விவசாயி பதிவு, தராசு நிறை, ஈரப்பதக் கழிவு, பில், காசு, அவ்வளவுதான். பின்பக்கம் லராவெல் (பிஎச்பி மொழிக் கட்டமைப்பு), முன்பக்கம் பாதி வியூ, மீதி பழைய ஜேகுவெரி (இரண்டும் ஜாவாஸ்கிரிப்ட்). ஆறு வருடத்துக்கு முன் வேறொருவர் தொடங்கியது. அவர் இப்போது கனடாவில், என்ன கேட்டாலும் பெருவிரல் படம் மட்டும் பதிலாக வரும். டெஸ்ட் என்று ஒரு அடைவு இருக்கிறது, திறந்து பார்த்தால் லராவெல் நிறுவும்போது தானாக வருகிற எடுத்துக்காட்டுக் கோப்புகள் இரண்டு.

போன வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு நான் ஒரு சின்னத் திருத்தம் ஏற்றினேன். பில்லில் விவசாயியின் தொலைபேசி எண்ணையும் காட்ட வேண்டும், அதுதான் கேட்டது. எண்கள் தனி அட்டவணையில் இருக்கின்றன. என் கணினியில் இருந்த மாதிரித் தரவில் எல்லாருக்கும் எண் இருந்தது. சங்கத்தில் முதலாவதாகத் தராசுக்கு வந்தவர் ஒரு வயதான அம்மா, அவரிடம் கைபேசியே இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் நல், அதாவது ஒன்றுமே இல்லை என்கிற வெறுமை. (தமிழில் எழுதினால் நல்ல சொல் மாதிரித் தெரிகிறது, செய்கிற வேலையைப் பார்த்தால்தான் தெரியும்.) வெள்ளைத் திரை. வெளியே உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையில், காலம் தப்பிய மழை ஒன்று இருட்டிக்கொண்டு வருகிறது, தராசுக்காரர் ஒன்றும் பேசாமல் மேசை லாச்சியைத் திறந்து கொப்பியையும் பேனையையும் எடுத்து எழுதத் தொடங்கினார். நான் பழைய பதிப்பைத் திருப்பிப் போட்டு முடிக்கும்போது 37 பில் கையால் எழுதியாகிவிட்டது.

இனிமேல் இப்படி வேண்டாம் என்று சனிக்கிழமை பிஎச்பிஸ்டானை (நிரலை ஓட்டாமலே வாசித்துப் பிழை தேடுகிற கருவி) நிறுவி ஆக உயர்ந்த நிலையில் ஓடவிட்டேன். 2317 பிழை. கூட வேலை செய்கிற இரண்டு பேரும் சிரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். நான் எங்கே தொடங்குவது?

பழைய_கீபோர்ட்

தம்பி, ஒரு கருவி 2317 என்று சொன்னால் அது ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். நான் வவுனியாவில் இருபது வருடமாக இதே வேலை. முன்பு ஒரு இடத்தில் இந்த மாதிரிச் சோதனை எல்லாம் போட்டார்கள், ஆறு மாதத்தில் எல்லாப் பெடியளும் ஒவ்வொரு வரிக்கு மேலும் 'இதைப் பார்க்காதே' என்று ஒரு குறிப்பு எழுதப் பழகிவிட்டார்கள், கருவி பச்சை காட்டியது, செயலி விழுந்துகொண்டே இருந்தது. உங்கள் பிரச்சினை நல் இல்லை. வெள்ளி பின்னேரம் நாலு மணி. அதை முதலில் நிறுத்துங்கள், பிறகு ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசியுங்கள். மூன்று பேர்தானே.

முறிகண்டி_தேநீர்

வெள்ளி நாலு மணிக்கு ஏற்றுகிறவர்கள் முறிகண்டியில் கட்டாயம் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போகவும். சும்மா கடந்து போனால் பொறுப்பு எங்களுடையது இல்லை.

ஒட்டிசுட்டான்காரி

அண்ணை சொல்கிற வெள்ளிக்கிழமை விசயம் சரி. மற்றதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று பேரில் ஒருவர் லீவு, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் யார் யாருடையதை வாசிப்பது? அதோடு மனிதன் வாசிக்கும்போது நல் வருமா என்று ஒவ்வொரு வரியிலும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான், ஐந்தாவது கோப்பில் கண் தானாக ஓடிவிடும். இயந்திரம் அலுக்காமல் பார்க்கிற வேலையை அதனிடம் கொடுத்தால்தான் வாசிக்கிறவருக்குக் கணக்குச் சரியா என்று யோசிக்க நேரம் கிடைக்கும்.

தம்பி, 2317-ஐத் திருத்த முயலவே வேண்டாம். பிஎச்பிஸ்டானில் பேஸ்லைன் என்று ஒன்று இருக்கிறது. இன்றைக்கு இருக்கிற பிழை எல்லாவற்றையும் அது ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும், அடுத்த முறை ஓடும்போது அவற்றைப் பற்றி வாய் திறக்காது, புதிதாக நீங்கள் சேர்க்கிற பிழையை மட்டும் சொல்லும். நாளைக் காலையிலிருந்து உங்களுக்குப் பூச்சியம். பழைய கடனை எழுதி வைத்துவிட்டுப் புதுக்கடன் வாங்காமல் இருப்பது மாதிரி. பழைய கோப்பு ஒன்றை வேறு வேலைக்காகத் திறக்கும்போது அதிலுள்ள நாலைந்தைத் திருத்தி, பேஸ்லைனைத் திரும்ப எடுத்து வையுங்கள். பெரிய சுத்திகரிப்பு வாரம் என்று ஒன்றை அறிவிக்க வேண்டாம், அப்படி அறிவித்த இடங்களில் அந்த வாரம் வந்ததை நான் கண்டதில்லை.

எவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பது, அதாவது நிலை எது என்பதில் சண்டை உண்டு. பூச்சியத்திலிருந்து மெல்ல ஏறு என்பார்கள். பதிப்பு 2.0-இல் நிலைகள் பத்து வரை போகின்றன. நான் சொல்வேன், பேஸ்லைன் இருக்கிறபடியால் நேரே எட்டுக்குப் போங்கள். உங்களை விழுத்திய பிழை, அதாவது நல் ஆக வரக்கூடிய ஒன்றின் மேல் மெதட்டைக் கூப்பிடுவது, எட்டில்தான் பிடிபடும். அதற்குக் கீழே அது கண்ணை மூடிக்கொள்ளும். பூச்சியத்தில் தொடங்கியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை அப்படியே நடந்திருக்கும், ஆனால் பச்சை விளக்கோடு. லராவெல் என்றபடியால் லாராஸ்டான் நீட்சியையும் சேர்க்க மறக்க வேண்டாம், அது இல்லாவிட்டால் மாடல்களுக்கு இடையிலுள்ள தொடர்பு ஒன்றும் அதற்கு விளங்காது.

அறிவியல்நகர்_மூன்றாம்வருடம்

நான் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன், வேலை அனுபவம் இல்லை, பிழை என்றால் சொல்லுங்கள். இந்த மாதிரிக் கருவிகளுக்குச் சொல்கிற லின்ட் என்கிற பெயரே துணியில் ஒட்டுகிற பஞ்சுத் துகளிலிருந்து வந்தது. 1978-இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் சி மொழிக்காக எழுதியது. கம்பைலர் விட்டுவிடுகிற சின்னக் குப்பையைப் பொறுக்கி எடுப்பதுதான் அதன் வேலை. ஜாவாஸ்கிரிப்டுக்கான இப்போதைய ஈஎஸ்லின்ட், 2013-இல் நிக்கலஸ் சகாஸ் தொடங்கியது, அதே பரம்பரைதான்.

சின்னக் குப்பை என்று சொன்னாலும், 2014 பெப்ரவரியில் ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் வெளிவந்த வழுவை எங்களுக்குப் பாடத்தில் காட்டினார்கள். 'கோட்டு ஃபெயில்' (முடிவுக்குத் தாவு) என்ற ஒரே வரி இரண்டு தரம் அடுத்தடுத்து இருந்தது, இஃபுக்கு அடைப்புக்குறி இல்லை. இரண்டாவது வரி எப்போதும் ஓடும், அதற்குக் கீழே இருந்த கையொப்பச் சோதனைக்குப் போகவே போகாது. ஐபோனிலும் மக்கிலும் பாதுகாப்பான இணைப்பு என்று நினைத்ததை இடையில் நிற்கிறவன் ஏமாற்றலாம் என்ற நிலை. போய்ச் சேர முடியாத வரி இருக்கிறது என்று சொல்கிற எச்சரிக்கையை கம்பைலரில் போட்டிருந்தாலே பிடிபட்டிருக்கும்.

என் கேள்வி இது: இவ்வளவையும் கருவி பிடிக்கும் என்றால் டெஸ்ட், அதாவது நிரலை ஓட்டி விடை சரியா என்று பார்க்கிற சோதனை, எதற்கு?

மாங்குளம்_சந்தி

தம்பியின் கேள்விக்குப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் வேறு ஒரு மூலையிலிருந்து வருகிறேன். இந்தக் கருவிகளைச் செய்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, அதனால் அந்தச் சோதனைகளை நாங்களேதான் எழுத வேண்டும்.

கிளிநொச்சி. விரல் விட்டு எண்ணினால் ஐந்து எழுத்து. பிஎச்பியில் நீளம் சொல்கிற எஸ்டிஆர்லென் போட்டால் 30 என்று சொல்லும், ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது, யுனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். எம்பி-எஸ்டிஆர்லென் போட்டால் 10, க ஒன்று, இகரக் குறி ஒன்று என்று தனித்தனியாக எண்ணும். கிராஃபீம்-எஸ்டிஆர்லென் போட்டால்தான் 5. நாங்கள் செய்த ஒரு செயலியில் பெயரை எஸ்எம்எஸ்ஸுக்காக சப்எஸ்டிஆரால் 20-இல் வெட்டினோம், 20 மூன்றால் வகுபடாது, கடைசி எழுத்து உடைந்து கேள்விக்குறிப் பெட்டியாகப் போனது. பெயர் கெட்டுப்போன மனிதர் நேரில் வந்து கேட்டார்.

இப்போது எங்களிடம் விதி: பெயர், ஊர், முகவரி தொடுகிற இடத்தில் எஸ்டிஆர்லென், சப்எஸ்டிஆர் இரண்டும் தடை. பிஎச்பிஸ்டானுக்கு இன்ன இன்ன அழைப்பைத் தடை செய் என்று சொல்கிற நீட்சி இருக்கிறது, பத்து வரி அமைப்புக் கோப்பு, முடிந்தது.

இன்னும் ஒன்று. கீழே இரண்டு ஊர், உற்றுப் பாருங்கள்.

கௌதாரிமுனை
கெளதாரிமுனை

பூநகரிப் பக்கம் ஒரே ஊர்தான். ஆனால் தரவுத்தளத்தில் இரண்டு. முதலாவதில் ஔகாரக் குறி, இரண்டாவதில் எகரக் கொம்பும் ளகர எழுத்தும். திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். நொ மாதிரி ஒகரம் வருகிற இடத்திலும் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடிக்கலாம், அதையாவது யுனிகோட் நியமமாக்கல் ஒன்றாக்கிவிடும். ௌ பிரச்சினையை நியமமாக்கல் தொடாது, ஏனென்றால் அதற்கு ள என்பது வேறு எழுத்து. நாங்கள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறோம்: கொம்பு, அடுத்து ள, அதற்குப் பின் எந்தக் குறியும் இல்லை என்றால் கத்து. தெளிவு, வெள்ளம் எல்லாம் இதில் சிக்காது. ஊர்ப் பட்டியல், மொழிக் கோப்பு இரண்டிலும் ஒவ்வொரு கொமிட்டிலும், அதாவது மாற்றத்தைப் பதியும்போதெல்லாம், ஓடும். முதல் நாளே 'வெளவால்' ஒன்று மாட்டியது.

இரணைமடு_வாய்க்கால்

மாங்குளம் அண்ணா, எழுதியதைப் பார்த்துவிட்டு உடனே எங்கள் ஊர்ப் பட்டியலைத் தேடினேன். கௌதாரிமுனை எங்களிடமும் இரண்டு இருக்கிறது. பேசாமல் இருக்கிறேன்.

ஒட்டிசுட்டான் அக்கா, பேஸ்லைன் போட்டாயிற்று, நிலை எட்டு. இனி இதை எங்கே ஓடவிடுவது? கொமிட் பண்ணும்போதா, கிட்ஹப்பிலா? அத்தோடு கூட வேலை செய்கிற இருவரில் ஒருவருக்கு நிரல் ஒழுங்காக இல்லாவிட்டால் கோபம் வருகிறது, பின்ட் (லராவெலின் நிரல் ஒழுங்குபடுத்தி) போட்டு எல்லாக் கோப்பையும் ஒரே தரத்தில் அழகுபடுத்தலாம் என்கிறார். மற்றவர் மாட்டேன் என்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் வேண்டியவர்கள்.

ஒட்டிசுட்டான்காரி

இரண்டிலும். ஆனால் ஒரே சோதனையை இரண்டு இடத்திலும் போட வேண்டாம். கொமிட் நேரத்து ஹுக் (அப்போது தானாக ஓடுகிற ஸ்கிரிப்ட்) பத்து விநாடிக்குள் முடிய வேண்டும், மாறிய கோப்புகளுக்கு மட்டும் ஓட வேண்டும். முப்பது விநாடி எடுத்தால் மூன்றாவது நாளே எல்லாரும் நோ-வெரிஃபை போட்டுத் தாண்டப் பழகிவிடுவார்கள், நானும் செய்திருக்கிறேன், வெட்கமில்லை. முழுச் சோதனை சேவையகத்தில். கிட்ஹப் அக்சன்ஸில் (அங்கேயே சோதனையை ஓட்டுகிற சேவை) தனியார் ரெப்போவுக்கு, அதாவது நிரல் களஞ்சியத்துக்கு, இலவசக் கணக்கில் மாதம் 2000 நிமிடம் உண்டு, மூன்று பேருக்குத் தாராளம். கவனிக்க வேண்டியது, இலவசக் கணக்கில் தனியார் ரெப்போவுக்குக் கிளைக் காவல் கிடையாது, அதாவது சோதனை சிவப்பாக இருந்தாலும் மெயின் கிளையில் சேர்ப்பதை அது தடுக்காது. அதை ஏற்றுகிற ஸ்கிரிப்டிலேயே கட்டுங்கள்: சோதனை பச்சை இல்லை என்றால் சேவையகத்துக்குக் கோப்புப் போகாது.

அழகுபடுத்தும் சண்டைக்கு: மாட்டேன் என்கிறவர் பயப்படுவது நியாயம். எல்லாக் கோப்பையும் ஒரே கொமிட்டில் மாற்றினால் எந்த வரியை யார் ஏன் எழுதினார் என்று கிட் பிளேம் கேட்டால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கொமிட்டைக் காட்டும், கனடாக்காரரின் தடம் முழுக்க அழிந்துவிடும். இதற்கு வழி வந்து வருடக் கணக்காகிறது. கிட் 2.23-இலிருந்து, 2019 ஓகஸ்ட், பிளேமில் சில கொமிட்டுகளைத் தவிர்த்துவிடு என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம், கிட்ஹப்பும் அந்தக் கோப்பை மதிக்கும். ஆகவே திறந்திருக்கிற கிளைகளை எல்லாம் சேர்த்து முடித்துவிட்டு, ஒரு நாள் காலையில், அழகுபடுத்தலை மட்டும் தனிக் கொமிட்டாகப் போட்டு, அதன் எண்ணை அந்தக் கோப்பில் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு இடைவெளி இரண்டா நாலா என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பின்ட் சொல்வதுதான் சட்டம், அது சொல்வது எனக்கும் சில இடத்தில் பிடிக்காது.

பழைய_கீபோர்ட்

சரி, பேஸ்லைன் விசயம் எனக்குத் தெரியாது, நல்லதாக இருக்கிறது. நான் பட்ட இடத்தில் அது இல்லை. ஆனால் அறிவியல் நகர்த் தம்பி கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் கருவிகளை நம்பாததற்கு எனக்குக் காரணம் இருக்கிறது.

ஒன்று, நெல் அளக்கிற புசல். நானும் ஒரு நெல் செயலி பார்த்தேன். ஒரு கோப்பில் ஒரு புசலுக்கு 20.86 கிலோ, இன்னொரு கோப்பில் 21. இரண்டும் நல்ல எண்கள், வகை சரி, நல் இல்லை, அடைப்புக்குறி எல்லாம் அழகு. எந்த லின்டரும் மூச்சு விடாது. நூறு புசலுக்கு 14 கிலோ வித்தியாசம். விவசாயிக்குத் தெரிந்தது, எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு, அடையாள அட்டை. எண்ணிலிருந்து பிறந்த திகதியை எடுக்கிற ஃபங்சன் எல்லாரும் எழுதுவார்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் 500 கூட்டியிருக்கும். புது 12 இலக்க அட்டையில் வருடம் நாலு இலக்கம், நாள் கணக்கு அதேதான். இதில் பொறி எங்கே என்றால், அட்டைக் கணக்கில் எல்லா வருடமும் பெப்ரவரிக்கு 29 நாள். மார்ச் 1 பிறந்தவருக்கு 61, பெண் என்றால் 561. நீங்கள் 61-ஐ அப்படியே திகதி லைப்ரரியிடம் கொடுத்தால், லீப் இல்லாத வருடத்துக்கு மார்ச் 2 என்று சொல்லும். மார்ச்சுக்குப் பிறகு பிறந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிறந்தநாள் ஒரு நாள் தள்ளிப் போகும். ஓய்வூதியப் படிவத்தில் இது வந்தால் யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, நேரம். சேவையகம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும், விடிய ஐந்து மணிக்கு நிறுத்த நெல் முதல் நாள் கணக்கில் விழும். இதை எல்லாரும் ஒருமுறை படுவார்கள். ஒரு கொசுறு: 1996 மே மாதம் இலங்கை நேரத்தை யுடிசியை விட ஆறரை மணி முன்னுக்கும், ஒக்டோபரில் ஆறு மணி முன்னுக்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரைக்கு வந்தது. ஆசியா/கொழும்பு என்று போட்டால் கணினிக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் வன்னிக்குள் நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம், ஓமந்தை தாண்டினால் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டும். எந்தக் கணினியிலும் எங்கள் நேரம் இல்லை. அந்த வருடங்களின் பிறப்பு நேரத்தை வைத்து சாதகச் செயலி எழுதுகிறவர்கள் கவனம்.

ஆகவே தம்பி, நிரல் உடைந்திருக்கிறதா என்று கருவி சொல்லும். கணக்குப் பிழையா என்று டெஸ்ட்தான் சொல்லும், அதுவும் சரியான விடை தெரிந்த ஒருவர் அந்த டெஸ்டை எழுதினால்.

அறிவியல்நகர்_மூன்றாம்வருடம்

அண்ணை, போன செமெஸ்டர் புரொஜெக்டில் அடையாள அட்டை ஃபங்சன் எழுதியது நான்தான். இப்போது போய்ப் பார்த்தேன். மார்ச் 2.

மாங்குளம்_சந்தி

புசலுக்கும் ஒரு விதி போடலாம் அண்ணை. 20.86 என்ற எண் ஒரே ஒரு கோப்பைத் தவிர வேறெங்கும் வரக் கூடாது என்று ஒரு தேடல் வரி, கண்டால் சிவப்பு. நாகரிகமான வழி இல்லை, ஆனால் வேலை செய்யும்.

ஒட்டிசுட்டான்காரி

21 என்று எழுதியவனை அது பிடிக்காதே. 21 எங்கெங்கோ வரும். இதற்கு அண்ணை சொன்னதுதான், விடை தெரிந்தவர் வேண்டும்.

தம்பி, உங்களிடம் அப்படி ஒருவர் இருக்கிறார். தராசுக்காரர் கையால் எழுதிய 37 பில். செயலியைத் தொடாமல், தன் பழக்கத்தில், அவர் போட்ட கணக்கு. அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கி, நிறை, ஈரப்பதம், மூடை எண்ணிக்கை, கடைசித் தொகை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடித்து, உங்கள் கணக்கு ஃபங்சனுக்கு 37 டெஸ்டாகக் கொடுங்கள். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கட்டாயம் மாற்றிவிடுங்கள், ரெப்போவுக்குள் உண்மையான ஆட்களின் விபரம் போகவே கூடாது.

இரணைமடு_வாய்க்கால்

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும், அறுவடை நேரம்.

நடந்தது இதுதான். பேஸ்லைன் 2190-க்கு வந்திருக்கிறது, அவசரமில்லை. பின்ட் கொமிட் ஒரு செவ்வாய்க் காலை போட்டோம், சண்டை நின்றுவிட்டது. ஹுக் ஆறு விநாடி. இரண்டாவது கிழமையில் அழகுபடுத்தக் கேட்டவர் எழுதிய ஒன்றை நிலை எட்டு பிடித்தது, அதே நல், இந்த முறை வங்கிக் கணக்கு இல்லாத விவசாயி. அவர் முகத்தை நான் பார்த்தேன், பிறகு சிரிக்கவில்லை.

கொப்பியைக் கேட்கப் போனேன். தராசுக்காரர் முதலில் தரவில்லை, கணக்கில் பிழை பிடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். உங்கள் கணக்கை வைத்து எங்களைத்தான் சோதிக்கப் போகிறோம் என்று விளங்கப்படுத்திய பிறகு தந்தார். மழைத்துளி பட்டு இரண்டு பக்கம் மை கலைந்திருந்தது, அவரே பக்கத்தில் இருந்து வாசித்தார்.

37-இல் 35 ஒத்துப் போனது. ஒன்றில் அவர் கூட்டும்போது ஒரு மூடையை விட்டிருக்கிறார். மற்றதில் அவர் சரி, நாங்கள் பிழை. ஈரப்பதக் கழிவை அவர் மொத்த நிறைக்கு ஒரே தரம் போடுகிறார், நாங்கள் ஒவ்வொரு மூடைக்கும் போட்டு ஒவ்வொன்றையும் முழு எண்ணாக்கிப் பிறகு கூட்டுகிறோம். சாதாரணமாக முழு எண்ணாக்கல் கூட்டிக் கழித்துச் சமமாகிவிடும். இது 64 மூடை, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நிறை, எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்துவிட்டது. சங்கத்துக்குச் சொல்லியிருக்கிறோம், பழைய பில்களையும் திரும்ப ஓட்டிப் பார்க்கிறோம், எத்தனை பேருக்குக் காசு திருப்ப வேண்டும் என்று அடுத்த கிழமை தெரியும்.

விட்டுப்போன மூடையை அவரிடம் சொன்னேன். கொப்பியை வாங்கி அந்த வரியைப் பார்த்தார், பேனையை எடுத்துத் திருத்தினார், பக்கத்தில் கையொப்பமும் அன்றைய திகதியும் போட்டார்.

முறிகண்டி_தேநீர்

கொமிட் செய்தியோடு திருத்தியிருக்கிறார். அவரையும் ரெப்போவில் சேருங்கள்.